உறையாத ரத்தம்

பூண்டின் சத்தையும் மஞ்சளின் சத்தையும் பயிரிலேயே ஏற்றிய அரிசியைத்தான் அந்தக் குடியிருப்பே சாப்பிட்டது. மூட்டு வீங்காது, மாரடைப்பு வராது. குடியிருப்புச் சங்கத் தலைவர் குலோத்துங்கனுக்கு அந்த அரிசியில் ஏகப் பெருமை. சாதா அரிசி தின்னும் மைத்துனன் தணிகாசலத்தைத் தன் வீட்டில் சாப்பிட உட்காரவே விடமாட்டார். "ஒன் சோத்து வாசனையே வியாதிடா" என்பார்.

ஒருநாள் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டார். ரத்தம் நிற்கவில்லை.

"இந்த அரிசியால, ரத்தத்த உறைய வைக்கிற உங்க பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது. இந்த அரிசி சாப்பிடாத ஒருத்தரோட பிளேட்லெட் உடனே ஏத்தணும்" என்றார் டாக்டர்.

குடியிருப்பில் ஒருவரும் தேறவில்லை. தணிகாசலம்தான் ஓடிவந்து கையை நீட்டினான். ரத்தம் நின்றது.

வீடு திரும்பிய குலோத்துங்கன் சங்கத்தைக் கூட்டினார். அரிசியை விடும் பேச்சே எழவில்லை. பிளாக்குக்கு ஓர் ஆளைச் சாதா அரிசிச் சோறு போட்டு வளர்ப்பது என்று கைதட்டி முடிவெடுத்தார்கள். அன்றே மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, இனிமே தெனமும் நம்ம வீட்லயே சாப்பிடு. ஒனக்குன்னு தனியா சமைக்கச் சொல்லிட்டேன்."

"வேணாம் மாமா. வெட்டப்போற கெடாவுக்கும் இப்படித்தான் பாசமா தழை போடுவாங்க" என்று போனை வைத்தான் தணிகாசலம்.