அவர் பொய் சொல்ல மாட்டார்

"பேசாதே ரூத், அவர் வந்துட்டார்."

அமோஸ் இயர்போனின் ஒரு முனையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைத் தன் காதில் செருகிக்கொண்டான். கூடாரத்துக்குள் குளிர் எலும்புவரை இறங்கியிருந்தது. ஆனாலும் கைப்பேசியில் டெரிக் ஹாலமின் முகம் தெரிந்துவிட்டால் அவனுக்குக் குளிராவது ஒன்றாவது.

டெரிக் தினமும் விடியற்காலையில் இங்கிலாந்தின் டோவர் கடற்கரைப் பாறை மேல் நின்று நேரலை போடுகிறவர். கையில் இங்கிலாந்துக் கொடி போட்ட தேநீர்க் குவளை, காலடியில் டியூக் என்ற நாய். ரப்பர் படகில் வந்து இறங்கும் அகதிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. நாடு பறிபோகிறது, அரசாங்கம் தூங்குகிறது, நானாவது விழித்திருக்கிறேன் என்பார். லட்சக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். ஆனால் அமோஸைப் போல ஒரு நாள்கூட விடாமல் பார்த்தவர்கள் குறைவு.

"என்ன மனுஷன் பாரு," என்றான். "மழையானாலும் பனியானாலும் நிக்கிறார். போன வாரம் காய்ச்சலோட நின்னார். சம்பளம் வாங்குறவன்கூட இப்படி வேலை பார்க்க மாட்டான்."

ரூத்துக்கு நம்பிக்கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு யாரோ ஒருவன் சொன்னதை நம்பிக் கரைக்குப் போய், அலையில் சிக்கி, இருவரும் உயிரோடு திரும்பியதே பெரும் பாடாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை வருவேன், அதுவும் பலிக்காவிட்டால் ஊருக்கே, அம்மாவிடமே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

"இவரும் அவனை மாதிரி தப்பா சொல்லிட்டா?"

"மத்தவன் ஆயிரம் புளுகுவான். கடல் விஷயத்துல இவர் வாயில பொய்யே வராது."

டெரிக் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினார். தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. காற்று இல்லை, மூடுபனியும் விலகிவிட்டது, ரோந்துப் படகு வடக்கே போய்விட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பழைய கலங்கரை விளக்கத்துக்குக் கீழே காவலுக்கு ஒரு ஈ காக்கைகூட இல்லை, நாடு உருப்படுமா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அமோஸ் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒற்றை மனிதர், ஒரு கடலையே கண்ணுக்குள் வைத்திருக்கிறார். தினமும் பார்த்தும் அவனுக்கு அந்த அதிசயம் தீரவில்லை.

கடைசியில் டெரிக் திரையை நேராகப் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"இன்னைக்கு அவங்க வந்தே தீருவாங்க. படுத்துக் கிடக்காதீங்க, எழுந்திருங்க. எல்லாரும் கலங்கரை விளக்கத்துக்கு வாங்க. நான் அங்கதான் நிப்பேன்."

ரூத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்மளைப் பார்த்தே சொல்ற மாதிரி இருக்குண்ணே."

"அப்ப கிளம்பு."

அவர்கள் வெளியே வந்தபோது, பக்கத்துக் கூடாரங்களிலும் ஆட்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, எதிர்க்கரையான பிரான்ஸின் மணல்மேட்டில் புதைத்து வைத்திருந்த ரப்பர் படகைத் தோண்டி எடுத்து, கடலை நோக்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.