அவள் பாடாத வரி

ராக் பாடகி ஹெப்சிபா தன் புகழ்பெற்ற பாட்டின் கடைசி வரியை மேடையில் பாடியதே இல்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாள், ஊரே பாடும். அந்தச் சத்தத்தில் தென்னைகள் காய் உதிர்த்தன, பக்கத்து மாவட்டத்துக் கோழிகள் நேரத்துக்கு முன்பே முட்டையிட்டன என்றால் நம்பத்தான் வேண்டும். அவளுடைய குழு கலைந்து, டிரம்ஸ்காரரும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கனடா போய்விட்டபின், அதே பாட்டைத் தனியாகப் பதிவு செய்ய அவளை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். கடைசி வரி வந்ததும் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி நீட்டினாள். எதிரே வெறும் சுவர்.

“என்னாச்சு மேடம், பாடுங்க,” என்றான் கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளன்.

“அது அவங்க வரிப்பா. எனக்கு மறந்தே போச்சு. உனக்குத் தெரியுமா?”

“நான் பொறக்கறதுக்கு முந்தின பாட்டு மேடம்.”

“சரி, நிறுத்தாத. ஓடட்டும்,” என்றவள், மைக்கை இன்னும் கொஞ்சம் எட்டி நீட்டினாள்.