தொண்டையில் இறங்காத களி

“பட்டணத்துப் பொண்ணுக்குக் களி தொண்டையில எறங்க மாட்டேங்குது. அவளுக்குன்னு தெனமும் சோறு வடிக்க வேண்டியிருக்குது” என்று பக்கத்து வீட்டுக் கோகிலாவிடம் மருமகளைப் பற்றி அலுத்துக்கொண்டாள் முனியம்மாள்.

கல்யாணமாகிச் சென்னையிலிருந்து காரிமங்கலம் வந்த தர்ஷினி, இதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

கோகிலா போனதும் கணவன் மாதவராஜ் கை கழுவியபடி சொன்னான். “ஒரு உருண்டை சாப்பிட்டுத்தான் பாரேன். கடிக்காத, கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்.”

“வேணாங்க, குமட்டுது.”

“வுடுறா, புடிக்காதத ஏன் திணிக்கிற?” என்று மருமகளுக்குப் பரிந்து வந்தாள் முனியம்மாள். “நீ கடைக்குக் கெளம்பு. நாங்க சாப்பிட்டுக்கிறோம்.”

அவன் வண்டிச் சத்தம் தேய்ந்தது. தர்ஷினி கதவைச் சாத்திவிட்டு வந்து, மாமியாருக்கு வைத்திருந்த களித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கவளம் கிள்ளி, கீரைக் குழம்பில் புரட்டி, கடிக்காமல் விழுங்கினாள்.

சோற்றுத் தட்டு முனியம்மாளிடம் போனது.

“உங்களுக்குக் களி ஆகாதுன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடலாமில்ல அத்தை?”

“எப்படிச் சொல்றது? சுகருக்குச் சோத்தக் கொறைக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. அன்னையிலருந்து மூட்டை மூட்டையா ராகி வாங்கிப் போடறான். இன்னும் ஒரு கரண்டி வை கண்ணு.”

தர்ஷினி சோற்றுப் பானையை மூடினாள்.

“அவ்ளோதான் அத்தை. அடுத்த டெஸ்ட்ல சுகர் ஏறியிருந்துச்சுன்னா, எனக்கு உங்க பையன் முன்னாடியே களி தொண்டையில எறங்க ஆரம்பிச்சிடும்.”