தேய்த்தவர்

பெட்டியைத் திறந்ததும் அவருக்கு முதலில் எட்டியது வாசனைதான்.

விபூதி.

பிறகுதான் கண் கூசியது. கல்யாண மண்டபத்தின் குழல்விளக்குகள் அத்தனையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இறங்கியிருந்தன. நேற்றுவரை கறுத்துக் கிடந்த வெள்ளி ரூபாய்கள், வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. ஓட்டைக் காலணாக்கள் தனி வரிசையில், புளி போட்டுத் தேய்த்த செம்புச் சிவப்பில்.

மனைவி பக்கத்து நாற்காலியில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்கிவைத்திருந்தாள்.

பழைய நாணயக் கண்காட்சிக்குப் பட்டு எதற்கு என்று காலையில் கேட்டிருந்தார்.

“உங்க பொருளுக்கு நாலு பேர் எதிர்ல விலை சொல்லப்போறாங்க. பின்ன எப்படி வரணுமாம்?”

இப்போது அவருக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. நேற்று அவர் முடிவெட்டிக்கொண்டு திரும்பியபோது சமையலறை மேடையில் புளி கரைத்த கிண்ணம் இருந்தது. ரசத்துக்கு என்று நினைத்தார்.

கல்யாணமான புதிதிலேயே இந்தப் பெட்டிக்கு அவள் பெயர் வைத்துவிட்டாள். செல்லாக்காசு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துணி விரித்துக் காசுகளைப் பரப்பினால், “செல்லாக்காசுக் கடை திறந்தாச்சா?” என்று காப்பியை வைத்துவிட்டுப் போவாள்.

எப்போதாவது ஒன்றைக் கையில் எடுப்பாள்.

“விளிம்பைப் பிடி,” என்பார்.

“ஆமா, கோகினூர் வைரம்,” என்று பொத்தென்று போட்டுவிடுவாள்.

தேய்க்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவைக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. எடுத்துவைத்துத் தேய்க்கிற அளவுக்கு அவளுக்கு இதன் மேல் மனசு வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

ஆனால் கண்காட்சி என்று பேப்பரில் பார்த்துச் சொன்னதே அவள்தான். விலை மதிப்பிட்டுச் சொல்கிறார்களாம், போவோம் என்றாள். இத்தனை காலம் என்கிட்ட பேச்சு வாங்கினீங்களே, நானும் வந்து கேட்கிறேன் என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் சிராஜுதீன் பாய். நாணய வியாபாரி, இந்த மண்டபத்தில் அவர் சொல்வதுதான் விலை. ஒரு ரூபாயை விளிம்பில் பிடித்து லென்ஸுக்கு அடியில் கொண்டுபோனார். திருப்பினார். ராஜாவின் கிரீடத்துக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊதினார். போகவில்லை.

ராஜா நெற்றியில் விபூதி இட்டிருந்தார்.

“யாரு தேச்சது?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள்.

“நான்தான்,” என்றார் அவர்.

அவள் சட்டென்று திரும்பி முறைத்தாள். வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவி வைத்த மனிதர் இல்லை.

பாய் லென்ஸைக் கீழே வைத்தார்.

“என்ன சார், இவ்வளவு தேடித்தேடிச் சேத்திருக்கீங்க, இது தெரியாதா? வெள்ளி இப்படிக் கறுக்க நூறு வருஷம் ஆவுது. அந்தக் கறுப்புக்குத்தான் சார் ஆளுங்க விலை குடுக்கறாங்க. அதைப் போய்ச் சுரண்டி எடுத்துட்டீங்களே. பாருங்க, முகமெல்லாம் கோடு கோடா. இனிமே எடைக்குத்தான் போகும்.”

“எடைக்குன்னா?” அவள் கேட்டாள்.

“பழைய வெள்ளி விலைம்மா. உடைஞ்ச கொலுசைப் போடற தராசுலயே இதையும் போடலாம்.”

அவள் பெட்டிக்குள் பார்த்தாள்.

பாய் விரலால் பெட்டிக்குள் துழாவி நாலைந்தை வெளியே எடுத்து வைத்தார். “ஒண்ணாவது விட்டுவெச்சீங்களா சார்?”

“இல்ல பாய். ஒண்ணு விடாம தேச்சாச்சு.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆசையா உக்காந்து தேச்சது.”

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் புளியின் கறை. மோதிரத்தின் இடுக்கில் கொஞ்சம் விபூதி. மெதுவாக முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் அதற்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. செல்லாக்காசு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. சொல்லிவிட்டால் போதும். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவள் சொல்லவில்லை.

பாய்க்கு இன்னும் ஆறவில்லை. ரூபாயை மறுபடி எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். “சின்னப் புள்ளைங்க பண்ணலாம் சார். நீங்க பண்ணலாமா? எந்த மனுஷனாவது...”

“போதும் பாய்.”

சொன்னது அவள். பாயை நேராகப் பார்த்தாள்.

“அவரைத் திட்டாதீங்க. இனிமே தேய்க்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன்.”

பாய் அவளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினாள். முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். வெளியே கிடந்த காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கினாள். வரிசை காத்திருந்தது. அவள் அவசரப்படவில்லை.

விளிம்பைப் பிடித்து.