வாசலில் கை கொடுப்பவர்

பர்னி துறைமுகத்துக்கு மேலே, தேவாலயத்தின் பின்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூடுகிறோம். வாசலில் நின்று புதியவர்களுக்குக் கை கொடுப்பது எங்களில் மூத்தவரான நெவிலின் வேலையாக இருந்தது. போன குளிர்காலத்தில் அவர் மறுபடி குடித்துவிட்டு, கடற்கரையில் விறைத்துச் செத்துப்போனார். அப்புறம் அந்த வேலையை யாரும் ஏற்கவில்லை.

நேற்று ஷெல்பி என்றொரு பெண் முதன்முறையாக வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா, கண்ணு?"

"வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடலாம்னு பார்த்தேன். ஒரு பெரியவர் கை கொடுத்தார். 'உள்ளே போம்மா, டீயை வாயில வைக்க முடியாது, ஆளுங்க தங்கம்'னார். கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

நெவில் எல்லோரிடமும் சொல்வது அது. டீ ஊற்றிக்கொண்டிருந்த பேரி கெட்டிலைக் கீழே வைத்தான்.

"அவர் ஏன் உள்ளே வரல?" என்றேன்.

"கூப்பிட்டேனே. 'இன்னிக்குக் குடிச்சிருக்கேன், எந்த மூஞ்சியோட வர்றது? அடுத்த வாரம் பார்க்கலாம்'னுட்டார்."

குடித்திருந்தாலும் வரலாம், பேசாமல் உட்கார்ந்தால் போதும் என்பது எங்கள் வழக்கம். எனக்கு அதை முதலில் சொன்னவரே நெவில்தான்.

பேரி போய்க் கதவை அகலத் திறந்துவைத்தான். கடல்காற்று உள்ளே அடித்தது. வாசலோரம் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் டீ வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஷெல்பியிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. அவள்தான் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"டீ ஆறுது பெரியவரே, சும்மா வாங்க."