ஏசித் தண்ணி

"பாத்தீங்களா, இன்னிக்கும் விடிஞ்சதும் ஏசி போட்டுட்டா! காசுக் கொழுப்பு!"

மதில் சுவரோரம் நின்று பொருமினாள் நஞ்சம்மாள். பக்கத்து வீட்டு ராஜமேரியின் ஏசிக் குழாயிலிருந்து இந்தப் பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொட்டட்டுமே. உன் செடி அதுலதானே உசுரோட இருக்குது" என்றார் கணவர் பெரியண்ணன்.

உண்மைதான். ஏரிக்கரைச் சேற்றிலிருந்து ஆசையாகப் பிடுங்கி வந்து நட்ட நீர்ப்பிரம்மி அது. காலடியில் ஈரம் காய்ந்தால் போச்சு. இந்தச் சித்திரையில் வீட்டு போர்வெல் வற்றி, குடிக்கவே லாரித் தண்ணீர்தான். குழாய்க்கு நேர் கீழே இருந்ததால் செடி தப்பித்து, முதல் மொட்டு வைத்திருந்தது.

இதற்கு முன் நட்டதை ராஜமேரியின் கோழி கிளறிப் போட்டுவிட்டது. அன்றைய சண்டையில், "இனிமே உன் வூட்டுப் பச்சைத்தண்ணிகூட எனக்கு வேணாம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் நஞ்சம்மாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"அவ வூட்டுத் தண்ணி வேணாம்னியே?" பெரியண்ணன் சீண்டினார்.

"இது ஏசி துப்புற தண்ணிங்க. அவளா மொண்டு குடுத்தா?"

"சரி தாயே."

நஞ்சம்மாள் குனிந்து மொட்டைத் தொட்டாள். வெள்ளையில் லேசாக ஊதா எட்டிப் பார்த்தது.

"நாளைக்கு விரிஞ்சிடுவ. இன்னிக்கு ஒரு நாள் வாடிடாத கண்ணு."

வீட்டுக்குள் மின்விசிறி நின்றது.

"கரண்டு போச்சு. இன்னிக்கு ஷட்டவுன், சாயந்திரந்தான் வரும்" என்றபடி துண்டால் விசிறிக்கொண்டார் பெரியண்ணன்.

செடிமேல் தண்ணீர் சொட்டியது. சற்று நேரம் கழித்தும் சொட்டியது. முன்னைவிட வேகமாகவே.

"இன்வெர்ட்டர் வேற வாங்கிட்டாளா? திமிரைப் பாருங்க!"

"இந்தத் தெருவுல எவன் வூட்டுல இன்வெர்ட்டர் இருக்குது?"

நஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குழாயின் மேல்முனை ராஜமேரி வீட்டு ஜன்னலுக்குள் வளைந்திருந்தது. உள்ளே யாரோ சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். கூடவே ராஜமேரியின் அடங்கிய குரல், அவள் புருஷனை அதட்டியது.

"மெதுவா ஊத்துங்கன்னா! இப்படிக் கடகடன்னு ஊத்துனா, ஏசித் தண்ணின்னு அக்கா எப்படி நம்பும்?"