கெஹர் சிங்கின் நெற்றி வெள்ளி

நான் விட்ட அறையில் அக்காவின் உதடு கிழிந்துவிட்டது. அப்படியும் அவள் எழுந்திருக்கவில்லை. புருஷனைப் புதைத்த மண்மேட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"தோண்டாதடா மல்லையா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்கு நல்லது சொல்ல வந்துவிட்டாளாம்! கூந்தலைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினேன். கல்லில் முழங்கை இடித்து அலறினாள்.

காண்ட்ராக்டர் சவுரியப்பன் புளிய மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் ரைட்டராக இருந்தவர். சீக்கியச் சிப்பாய்கள் சண்டையில் வாங்கிய மெடல்களைச் சேர்ப்பதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். தர்மபுரி வீட்டில் கண்ணாடிப் பெட்டி நிறைய வைத்திருக்கிறாராம். இந்த வருஷம்தான் எங்கள் சித்தேரி மலையில் மரக் குத்தகை எடுத்தார். அக்கா புருஷனோடு புதைந்து கிடந்த மெடலை எடுத்துக் கொடுத்தால் மரக்கிடங்குக் காவல் வேலை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

முன்பு அந்த வேலையில் இருந்தவர் கெஹர் சிங். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கடல் கடந்து பாஸ்ரா சண்டைக்குப் போய் வந்த சீக்கியர். காவலுக்கென்று மலை ஏறியவர், என் அக்கா ராமக்காளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். மாமா என்று ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை. எங்கிருந்தோ வந்த ஆளுக்கு எங்கள் வீட்டுப் பெண் ஒரு கேடா?

போன வருஷம் சாமை முற்றும் சமயத்தில் செத்துப்போனார். காய்ச்சல் என்றாள் அக்கா.

பிணத்தின் நெற்றியில் காசு ஒட்டுவதும், குழியில் இறக்கும்போது அதை எடுத்துவிடுவதும் எங்கள் வழக்கம். அக்கா காசுக்குப் பதில் அவருடைய மெடலை ஒட்டினாள். ராஜா தலை போட்ட வெள்ளி, ரூபாயைவிட அகலம். எடுக்கப் போனவன் கையைக் கடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அதோடேயே புதைத்தோம்.

புருஷன்மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே உச்சுக்கொட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடப்பாரையை ஓங்கி இறக்கினேன். மறுபடியும் வந்து என் காலைக் கட்டினாள். வயிற்றிலேயே உதைத்தேன்.

"பொணத்துக்கு எதுக்குடி மெடலு?"

இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை விலா எலும்பில் இறங்கியது. முறித்துத் தள்ளிவிட்டுத் தலைமாட்டு மண்ணைக் கையால் வாரினேன். மக்கிய தலைப்பாகைத் துணிக்குக் கீழே மெடல் கறுத்துக் கிடந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன்.

அது இருந்த இடத்தில் எலும்பு இல்லை. நெல்லிக்காய் அளவுக்கு உள்ளே நொறுங்கிப் போயிருந்தது.

அது கவண்கல் பட்ட ஓட்டை. சாமைக்காட்டுப் பரண்மேல் நின்று, குருவிக்கு விடவேண்டிய கல்லை அவர் முகத்துக்கு நேராக விட்டவன் நான்தான். அவர் தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்து போனார். லேசாகப் பட்டிருக்கும் என்று நான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள்தான் காய்ச்சலில் செத்துவிட்டார் என்று சேதி வந்தது.

சவுரியப்பன் என் கையிலிருந்து மெடலைப் பிடுங்கினார். எச்சில் தொட்டுத் துடைத்து, விளிம்பில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் குழியை எட்டிப் பார்த்தார்.

"மண்டை உடைஞ்சிருக்கே. எப்படிம்மா செத்தான்?"

குழிக்குள் நின்றபடி அக்காவைப் பார்த்தேன்.

அக்கா உதட்டு ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"காய்ச்சலுங்க. மண்டை இப்பத்தாங்க கடப்பாரை பட்டு உடைஞ்சுது."